ஓர்காக் குடும்பங்களின் பின்னால் போன பிலோமினா அக்கா

பிலோமினா அக்கா போய்விட்டார் என்ற செய்தி எனக்கு ஒரு கலியாண வீட்டில் வந்தது. லண்டன் மனோர் பார்க்கில் ஒரு மண்டபம். மாப்பிள்ளை வீட்டார் வாசலைத் தாண்டி வர, நான் கமராவைத் தோளில் வைத்துக்கொண்டு அவர்களுக்கு முன்னால் பின்னோக்கி நடந்துகொண்டிருந்தேன். சட்டைப் பையில் தொலைபேசி அதிர்ந்தது. எடுக்கவில்லை. அது நின்று மறுபடியும் அதிரத் தொடங்கியபோது கமராவை என் உதவியாளரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். பேசியவர் அக்காவின் கணவர் மனுவேல் அண்ணை.

"ஜூட், அக்கா போட்டா" என்றார். "காலமைதான். நான் பக்கத்திலதான் இருந்தனான். ஒரு சத்தமுமில்லை."

நான் "ஓம் அண்ணை, ஓம்" என்று மட்டும் சொன்னேன். பிறகு உள்ளே போய்த் தாலி கட்டுவதைப் படம்பிடித்தேன். என் வேலை அப்படி. அன்று நான் எடுத்த படங்களில் ஒன்றுகூட ஆடவில்லை என்பது இன்றைக்கும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பெரும்பாலானோர் அக்காவை வேறு விதமாக அறிவீர்கள். வால்தம்ஸ்டோவில் சிவப்பு பஸ் ஓட்டிய அக்கா. நமது கோயில் பாடகர் குழுவில் இரண்டாம் வரிசையில் நின்று, முதல் வரிசையை விடச் சத்தமாகப் பாடிய அக்கா. நத்தார்ப் பண்டிகைக்குப் பயித்தம் பணியாரம் சுட்டு வீடு வீடாகக் கொடுத்தனுப்பிய அக்கா. "லீவு கிடைச்சால் ஸ்கொட்லாந்துக்கு ஓடுறாவாம், ஏதோ மீன் பாக்க" என்று அவரைப் பற்றிக் கோயில் வாசலில் பேசிச் சிரித்ததும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த 'ஏதோ மீன்' பற்றித்தான் எழுத வேண்டும் என்று மனுவேல் அண்ணை என்னிடம் கேட்டார். அவரே கேட்டார் என்பது முக்கியம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அக்கா முதன்முதலில் என் கடைக்கு வந்தது ஷிப்ட் முடிந்த கையோடு, பஸ் ஓட்டுநரின் உடுப்பிலேயே.

"உங்களிட்ட நீட்டு லென்ஸ் ஒண்டு இருக்காமே. வாடகைக்குத் தருவியளோ?"

"தரலாம் அக்கா. என்ன கொண்டாட்டம்?"

"கொண்டாட்டமில்லை. ஓர்கா."

ஓர்கா என்பது புதிதாகத் திறந்த ஏதோ மண்டபத்தின் பெயர் என்று நினைத்துவிட்டேன். "அது எங்க, எட்மண்டன் பக்கமோ?" என்று கேட்டேன். அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு தன் தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். சாம்பல் நிறக் கடல். நடுவில் கறுப்பாக ஒரு முக்கோணம். அதற்குப் பின்னால் இன்னும் பெரிதாக இன்னொன்று. "இது தாய்" என்றார். "பின்னால நிக்கிறது மகன்." எனக்கு இரண்டு கறைகள்தான் தெரிந்தன. கறுப்பும் வெள்ளையுமான அந்தப் பெரிய கடல் விலங்கைப் பிள்ளைகளின் படப் புத்தகங்களில் பார்த்திருக்கிறேன். அது இந்த நாட்டுக் கரையோரம் குடும்பம் குடும்பமாகப் போய் வருகிறது என்பதை அன்றுதான் கேள்விப்பட்டேன்.

அந்த லென்ஸை யார் கையிலும் தனியாகக் கொடுத்துவிடுவதில்லை என்றேன். அக்கா யோசிக்கவே இல்லை. "அப்ப லென்ஸோட நீரும் வாரும்" என்றார்.

அப்படித்தான் ஒரு மே மாதம் நாங்கள் ரயில் ஏறி அபர்டீன் போய், அங்கிருந்து கப்பலில் ஷெட்லாந்துத் தீவுகளுக்குப் போனோம். மரமே இல்லாத ஊர். புல், கல், ஆடு, எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல். அக்கா வாடகைக் காரை ஓட்டினார். முதல் நாட்கள் முழுவதும் மழை. கடல் வெறுமையாகக் கிடந்தது. ஓர்காக்களைக் கண்டவர்கள் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பும் தொலைபேசிக் குழு ஒன்று அங்கே உண்டு. மீனவர், தபால்காரர், ஆடு வளர்ப்பவர் எல்லோரும் அதில் இருந்தார்கள். அதிலும் ஒன்றும் வரவில்லை. மனதுக்குள் நான் எனது ஒரு வாரச் சம்பாத்தியத்தை நினைத்து அழத் தொடங்கியிருந்தேன்.

ஒரு முற்பகலில் செய்தி வந்தது. கிழக்குக் கரையில் ஒரு மீனவர் கண்டிருக்கிறார், தெற்கே போகின்றன. நான் காரில் பாய்ந்து ஏறினேன். ஆனால் அக்கா அவர் சொன்ன இடத்துக்குப் போகவில்லை. அதைத் தாண்டி, இன்னும் தள்ளியிருந்த ஒரு முனைக்கு ஓட்டினார். ஏன் என்று கேட்டேன்.

"கண்ட இடத்துக்குப் போனால் அதுகள் போன தண்ணியைத்தான் பாக்கலாம். வரப்போற இடத்தில போய் நிக்கோணும். கரையில கடல்நாய் இருக்கிற ஒவ்வொரு குடாவுக்கும் உள்ளிட்டுத்தான் அதுகள் வரும். அவசரப்படாது."

பாறையில் படுத்துக் காத்திருந்தோம். கீழே தண்ணீரில் கடல்நாய்கள் தலையை நீட்டியபடி மிதந்துகொண்டிருந்தன. திடீரென்று அவை எல்லாம் ஒரே திசையில் திரும்பின. அடுத்த கணம் விழுந்தடித்துக்கொண்டு பாறைகளில் ஏறின. பறவைகள்கூடச் சத்தத்தை நிறுத்திவிட்டதுபோல் இருந்தது. அக்கா என் கையைப் பிடித்தார்.

நான் முதலில் ஓர்காவைக் காணவில்லை. அதன் மூச்சைத்தான் கேட்டேன். பெரிய கதவொன்றின் பின்னால் யாரோ நெடுநேரம் அடக்கி வைத்திருந்த மூச்சை ஒரேயடியாக விட்டதுபோல். பிறகு முனையைச் சுற்றி அந்தச் செட்டை வந்தது. முதுகுத் துடுப்புக்கு அக்காவின் சொல் செட்டை. மன்னார்க் கரையின் சொல். அது எழுந்துகொண்டே இருந்தது. இவ்வளவுதான் என்று நான் நினைத்த பிறகும் எழுந்தது. ஆள் உயரம். தண்ணீர் அதன் இரு பக்கமும் வழிந்தது. அதற்கு முன்னால் சின்னச் செட்டையோடு தாய். எங்கள் பாறைக்கு நேர் கீழே, கண்ணாடி போன்ற தண்ணீரில், அவர்களின் வெள்ளைத் திட்டுகள் பச்சையாக ஒளிர்ந்தபடி கடந்தன. ஒன்று பக்கவாட்டில் சரிந்து மேலே பார்த்தது. அது எங்களைப் பார்த்ததா என்று எனக்குத் தெரியாது. என்னைப் பார்த்தது என்றே என் உடம்பு நம்பியது. என் வேலையில் நான் ஆயிரம் முகங்களை நெருக்கத்தில் பார்த்தவன். எந்த முகமும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

பக்கத்தில் அக்கா செபம் சொல்வதுபோல் எண்ணிக்கொண்டிருந்தார். "தாய்... மூத்தவன்... தங்கச்சி... குட்டி எங்க? குட்டி எங்க?... ஆ, இந்தா! இந்தா நிக்குது!" தாயின் வயிற்றோடு ஒட்டியபடி, வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் செம்மஞ்சளாக, ஒரு குட்டி. புதிதாகப் பிறந்தவை அப்படித்தான் இருக்கும் என்றார்.

அன்று அவர்கள் ஒரு கடல்நாயைப் பிடித்தார்கள். தண்ணீர் சிவந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அக்கா திருப்பவில்லை. "அழகா இருக்கேக்க மட்டும் பாத்துப்போட்டுப் போறதெண்டால் நாங்கள் ஏன் இவ்வளவு தூரம் வரோணும்?" என்றார்.

திரும்பும் கப்பலில்தான் தன் கதையைச் சொன்னார். இளம் வயதில் தனியாக நோர்வேக்குப் போய், வடக்குக் கோடியில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்திருக்கிறார். குளிர்காலத்தில் சூரியன் எழும்பாத ஊர். ஒரு நாள் மத்தியானம், வானம் நீலமாக மங்கிக் கிடந்த நேரத்தில், வேலை முடிந்து நடந்து வரும்போது, ஹெரிங் மீன்களைத் துரத்திக்கொண்டு ஓர்காக்கள் ஊருக்குள் நுழையும் கடல்வாய்க்குள் வந்திருக்கின்றன. மூச்சு ஆவி ஆவியாக எழும்ப, தாயும் பிள்ளைகளும் சகோதரங்களுமாக. "விரல் விறைக்கும் மட்டும் நிண்டனான் ஜூட். அந்த ஊருக்குப் போய் ஒரு முழுக் குடும்பத்தை நான் கண்டது அண்டைக்குத்தான்."

அப்போது அவரது தாய் இந்தியாவில் அகதி முகாமில். அண்ணன்மாரில் ஒருவர் பிரான்சில், ஒருவர் கனடாவில். கடைசித் தம்பி ஊரில். அந்தத் தம்பி போரின் இறுதி நாட்களில் காணாமல் போனார். பிறகு ஊர் திரும்பிய தாய், மரணச் சான்றிதழ் தருகிறோம் என்று வந்தவர்களைக் கடைசிவரை வீட்டுப் படி ஏறவிடவில்லை. இவ்வளவையும் அக்கா ஒரே முறைதான் சொன்னார். தன்னை விட இளைய ஆண்கள் எல்லோரையும் தம்பி என்று அழைப்பது நம் வழக்கம். அக்கா என்னை ஒருபோதும் அப்படி அழைத்ததில்லை. பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

லண்டனில் இருக்கும் மாதங்களிலும் அவர் அந்தக் குடும்பங்களை விட்டுவிடவில்லை. வடக்கில் பலரும் எடுக்கும் படங்களை ஒரு தொண்டர் குழு சேகரிக்கும். செட்டையில் உள்ள வெட்டு, அதன் பின்னால் முதுகில் இருக்கும் சாம்பல் திட்டு, இவை ஒவ்வொரு ஓர்காவுக்கும் ஒவ்வொரு விதம். அவற்றை ஒப்பிட்டு, யார் எங்கே, யாருடன் போனார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். அக்கா ஷிப்ட் முடிந்து வந்து, தேநீரோடு கொம்பியூட்டரின் முன்னால் உட்கார்ந்துவிடுவார். பிழையும் விட்டிருக்கிறார். ஒருமுறை இரண்டு சகோதரங்களை மாற்றிப் பதிந்துவிட்டார். குழுவின் ஆய்வாளர், வடக்கில் வாழும் ஒரு ஸ்கொட்லாந்துப் பெண், அதைக் கண்டுபிடித்துத் திருத்தினார். அக்கா அதைக் கோயிலில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். "பிழை எண்டால் பிழைதான். திருத்திப்போட்டு அடுத்த படத்தைப் பாக்கிறதுதான்."

ஷெட்லாந்தில் நாங்கள் கண்ட அந்தத் தாயின் மகள்களில் ஒருத்தி, செட்டையின் பின் விளிம்பில் இரட்டை வெட்டு உள்ளவள், ஒரு வசந்தத்தில் குடும்பத்தோடு வரவில்லை. அடுத்த வசந்தத்திலும் வரவில்லை. அதற்கு அடுத்ததிலும் இல்லை. தொடர்ந்து சில பருவங்கள் தாயோடு காணப்படாவிட்டால் இறந்ததாகப் பதிவதுதான் குழுவின் வழமை. அதை முடிவு செய்யும் கூட்டம் திரையில் நடந்தபோது நான் அக்காவின் பக்கத்தில் இருந்தேன். அக்கா ஆங்கிலத்தில் பேசினார். குரல் உயரவில்லை.

"காணவில்லை என்று எழுதுங்கள். இறந்துவிட்டது என்று எழுத வேண்டாம். அது வேறு, இது வேறு."

ஆய்வாளர் காரணம் கேட்டார். அக்காவிடம் விஞ்ஞானக் காரணம் எதுவும் இருக்கவில்லை, அதை அவரும் மறைக்கவில்லை. "நாம் அதன் உடலைக் காணவில்லை" என்று மட்டும் சொன்னார். அக்காவின் கதை எதுவும் தெரியாத அந்தப் பெண், "சரி பிலோமினா, இன்னும் ஒரு பருவம் பார்ப்போம்" என்றார்.

அந்தப் பருவத்தில் நாங்கள் ஷெட்லாந்துக்குப் போகவில்லை. கப்பலில் இடம் கிடைக்காததால் ஸ்கொட்லாந்துப் பெருநிலத்தின் வட கரையில் ஒரு முனையில் நின்றோம். வெயில். தண்ணீர் அசையாமல் கிடந்தது. ஒரு குடும்பம் மேற்கு நோக்கிப் போவதாகச் செய்தி வந்தது. வேறு குடும்பம், எங்களுக்கு அதிகம் பழக்கமில்லாதது. நான் வரிசையாகப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா தூரநோக்கியைக் கண்ணில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். பிறகு அவர் குரல் மாறியது.

"ஜூட், அந்தக் கடைசியா வாறவ. இடப்பக்கம் எடும்."

"எடுத்திட்டன் அக்கா."

"இன்னும் எடும்! விடாதையும்!"

கமராவின் சின்னத் திரையில் படத்தைப் பெருப்பித்தேன். செட்டையின் பின் விளிம்பில் இரண்டு வெட்டுகள், ஒன்றின் கீழ் ஒன்று. முதுகில் தூண்டில் முள் போல வளைந்த சாம்பல் திட்டு. அக்கா எத்தனையோ மாலைகளில் பார்த்துத் தேய்ந்த அதே திட்டு. அவர் திரையைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். அந்த நேரம் அவளுக்கும் எங்களுக்கும் நடுவில் தண்ணீர் உடைந்து, செம்மஞ்சள் திட்டோடு ஒரு குட்டி தலையை வெளியே போட்டது.

அக்கா புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சிலுவை அடையாளம் போட்டார். ஆய்வாளரின் இலக்கத்தை நான்தான் அழுத்திக் கொடுத்தேன். "அவள் இங்கே இருக்கிறாள்" என்றார் அக்கா. கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "தனியாக இல்லை" என்றார். மறுமுனையில் அந்தப் பெண் அழுதது எனக்கே கேட்டது. தாயை விட்டு வேறொரு குடும்பத்தோடு சேர்ந்து, எங்கெங்கோ கடல்களில் திரிந்து, பிள்ளையும் பெற்று, ஒருவருக்கும் தெரியாமல் அவள் வாழ்ந்துகொண்டிருந்திருக்கிறாள். கடல் எவ்வளவு பெரிது என்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

குட்டிக்கு ஒரு பெயர் வைக்கும்படி குழு அக்காவிடம் கேட்டது. மறுத்துவிட்டார். "பேர் வைக்கிறது தாயின்ர வேலை. எங்களுக்கு நம்பர் மட்டும் காணும்."

அடுத்த ஞாயிறு கோயிலில் இந்தக் கதையைச் சொன்னபோது, ஒரு வயதான அன்ரி அக்காவின் கன்னத்தைத் தடவி, "பாத்தியே பிள்ளை, உன்ர தம்பியும் உப்பிடி ஒரு நாள் வருவான்" என்றார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அது ஓர்கா, அன்ரி. தம்பி தம்பிதான்" என்றார். மெல்லத்தான் சொன்னார்.

பிறகு காரில் வரும்போது அவராகவே பேசினார். "அன்ரி நல்ல மனசோடதான் சொன்னவ. ஆனா நான் ஓர்காவில தம்பியைத் தேடேல்லை ஜூட். வாறதும் வராததும் எங்கட கையில இல்லை. பாத்துக்கொண்டு நிக்கிறது மட்டும்தான் எங்களால ஏலும். அதை ஒழுங்காச் செய்யோணும்."

அக்காவின் வருத்தம் புற்றுநோய். கண்டுபிடிக்கப்பட்டபோது அது ஏற்கனவே பரவியிருந்தது. பஸ் ஓட்டுவதை நிறுத்தினார். தலைமுடி போனது. கடந்த வசந்தத்தில் மருந்துக்கு நடுவில் ஓர் இடைவெளி வந்தபோது, வடக்கே போகப் போவதாக அறிவித்தார். நான் அவர்களது குசினியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

"உமக்கென்ன விசரோ?" என்றார் மனுவேல் அண்ணை. "பத்துப் படி ஏற ஏலாது. பாறையில ஏறப் போறீரோ?"

"ஓம்" என்றார் அக்கா. "நீங்களும் வாங்கோ. ஏறேலாட்டித் தூக்குங்கோ."

மனுவேல் அண்ணை அத்தனை வருடங்களில் ஒரு முறையும் வந்தவரில்லை. கோயில் வாசலில் 'ஏதோ மீன்' என்று முதலில் சொன்னவரே அவர்தான். கப்பலில் முழு வழியும் வாந்தி எடுத்தார். ஷெட்லாந்தில் ஒரு முனையில், கார் போகக்கூடிய கடைசி இடம்வரை போய், அங்கிருந்து மடக்குக் கதிரையை ஒரு கையிலும் அக்காவை மறு கையிலுமாக அணைத்துக் கொண்டுபோனார். கம்பளியால் சுற்றிக் கதிரையில் இருத்தினார். "எங்க உம்மட ஆக்கள்?" என்று கேட்டார்.

அவர்கள் அன்று வந்தார்கள். அக்காவின் முதல் குடும்பம். அந்தத் தாயும் மூத்த மகனும் மற்றவர்களும். காற்றில்லாத கடலில், வேட்டைக்கான அவசரம் எதுவும் இல்லாமல், ஒருவரையொருவர் உரசிக்கொண்டு, சில வேளை நிமிர்ந்து நின்று சுற்றிப் பார்த்துக்கொண்டு, கரையோரமாகவே வந்தார்கள். தாயும் மகனும் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். மூச்சின் ஈரம் எங்கள் முகத்தில் பட்டது. மனுவேல் அண்ணை தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிவிட்டார். கோயிலுக்குள் நுழையும்போது கழற்றுவாரே, அப்படி.

நான் கமராவை ஓடவிட்டிருந்தேன். ஆனால் எப்போது கையைக் கீழே இறக்கினேன் என்று எனக்கே தெரியாது. லண்டன் வந்து பார்த்தபோது, அந்தப் பதிவில் ஓர்கா இல்லை. ஒரு செட்டைகூட இல்லை. புல், கதிரையின் ஒரு கால், மனுவேல் அண்ணையின் சேறு படிந்த சப்பாத்து, அவ்வளவுதான். எந்தக் கலியாண வீட்டுக்காரரிடமும் நான் காட்டத் துணியாத படம். அக்காவிடம் இருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது அதுதான். அதை வெட்டவும் மாட்டேன், ஒட்டவும் மாட்டேன்.

ஏனென்றால் சத்தம் முழுவதும் இருக்கிறது. மூச்சுகள் ஒவ்வொன்றாக நெருங்கி வந்து கடக்கின்றன. மனுவேல் அண்ணையின் குரல் உடைந்து வருகிறது: "இவ்வளவு நாளும் இதை எனக்கு ஏன் சொல்லேல்லை?" அக்கா சிரிக்கிறார்: "ஒவ்வொரு வருசமும் சொன்னனான்." மூச்சுகள் தூரமாகின்றன. புல்லில் காற்றுக்கூட இல்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து அண்ணை எழும்பும் சத்தம் கேட்கிறது, சப்பாத்து நகர்கிறது.

"இருங்கோ" என்கிறார் அக்கா. "இன்னும் ஒண்டு வரும்."

நீண்ட நேரம் ஒன்றும் இல்லை. பிறகு, மிகக் கிட்டத்தில், அந்த மூச்சு.